பதினோரு முடிச்சு

எங்கள் ஸ்டாண்டில் எவனும் தன் வண்டியில் தானாக ஒரு பொம்மையைக்கூடத் தொங்கவிட முடியாது. இப்போது பார்க்கிறேன், கடையில் எதையாவது வாங்கிக் கண்ணாடிக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிறார்கள். தலையாட்டுகிற நாய், மினுங்குகிற விளக்கு, பிளாஸ்டிக் பூங்கொத்து. அவரவர் வண்டி, அவரவர் இஷ்டம். நாங்கள் அப்படி இல்லை. எங்களுக்கு ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் புகழ்ந்து நாலு வார்த்தை வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

திருச்சி ஜங்ஷனுக்கு வெளியே வேப்பமர நிழலில், ஐம்பதுகளின் நடுவில், பதின்மூன்று வாடகைக் கார்கள் நின்றன. கார் என்று ஊர்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள், பிளஷர் என்பார்கள். ஓட்டுகிறவன்தான் சொந்தக்காரன். எங்களுக்கு மேலே முதலாளி என்று ஒருத்தன் கிடையாது என்பதில் எங்களுக்குப் பெரிய தலைக்கனம். புது வண்டி ஒன்று ஸ்டாண்டுக்கு வந்தால், வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்த வேண்டும். மற்ற வண்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பொருளைக் கொண்டுவந்து, முன்கண்ணாடிக்கு மேலே குறுக்கே போட்ட பித்தளைக் கம்பியில் தன் கையாலேயே கட்டுவார். அதற்குத் தொங்கல் என்று பெயர். மெழுகு தடவிய கறுப்பு நூல். ஆளுக்கு ஒரே முடிச்சு, பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு.

பாய் பச்சைத் துணியில் சுற்றிய பித்தளைப் பிறை கட்டுவார். பாலக்கரைக் கிறிஸ்தவர் சிப்பியில் செய்த சிலுவை. ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் தகரத்தில் வெட்டிய சங்கு சக்கரம். இன்னொருவர் வீட்டில் பிள்ளைகள் அதிகம். அவர் கட்டுவது எப்போதும் ஒரு குழந்தைச் செருப்பு, ஒற்றைச் செருப்பு. எல்லாரும் கட்டி முடித்த பிறகுதான் அது ஸ்டாண்டு வண்டி. அதற்குப் பிறகுதான் வரிசையில் இடம், கல்யாண வாடகையில் பங்கு. தொங்கல் இல்லாத வண்டி ஜங்ஷன் வாசலில் நாள் முழுக்கக் காய்ந்தாலும் ஒரு பயணியை ஏற்ற விடமாட்டோம். இதை ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டோம்.

சொந்த வீட்டுப் பொருளைச் சொந்த வண்டியில் கட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. வண்டியைக் காப்பது மற்றவர்களின் மனசு, நம்முடைய ஆசை இல்லை என்று முதல் வண்டிக்காரர் விளக்கம் சொல்வார். ஸ்டாண்டுக்கு முதலில் வந்த வண்டி அவருடையது என்பதால் அவர் சொன்னதுதான் சட்டம். சட்டை காலருக்கடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, தீர்ப்புச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நானும் கைகட்டிக்கொண்டு கேட்டவன்தான்.

விதிகளில் பெரிய விதி சாவைப் பற்றியது. தொங்கல் ஆடுகிற வண்டியில் ஒருவர் மூச்சு நின்றுவிட்டால் அந்த வண்டி தீட்டு வண்டி. கட்டியவர்கள் எல்லாரும் வந்து அவரவர் தொங்கலை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு கல்யாணம் கிடையாது, கோயில் வாடகை கிடையாது, வரிசையே கிடையாது. ஆனால் சீக்காளியை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே சொந்தக்காரன் தொங்கல்களை அவிழ்த்து வீட்டில் வைத்துவிட்டால் குற்றமில்லை. அந்த நேரத்துக்கு அது வெறும் இரும்பு. அதில் யார் செத்தாலும் ஸ்டாண்டுக்குச் சம்பந்தமில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கிவிட்டு மறுபடி எல்லாரும் கட்டிக்கொள்ளலாம். ஒன்றுதான், கத்தி படக்கூடாது. நூலை அறுத்தால் உறவை அறுத்த மாதிரியாம். கையால்தான் அவிழ்க்க வேண்டும். இப்படி நுழைந்து தப்பிக்க ஒரு சந்து வைத்துச் சட்டம் போட்டவன் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன், தவறிப்போய்க் கார் ஓட்ட வந்துவிட்டான்.

முசிறிக்காரர் என்று ஒருவர் எங்களோடு இருந்தார். ஒரு நாள் தன் ஊரிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸுக்கு நின்ற ஒரு கிழவரைச் சும்மா ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கிழவர் நன்றாகப் பேசிக்கொண்டுதான் வந்தாராம். முக்கொம்பு தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. முசிறிக்காரர் நினைத்திருந்தால் அதை மறைத்திருக்கலாம். அவர் நேராக ஸ்டாண்டுக்கு வந்து எங்களிடமே சொன்னார். பன்னிரண்டு பேரும் வரிசையாகப் போய் அவிழ்த்துக்கொண்டோம். என் முறை வந்தபோது அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என் முடிச்சு சட்டென்று வரவில்லை, நகத்தால் நோண்ட வேண்டியிருந்தது. அவர் என் வண்டியில் கட்டியிருந்ததையும் அன்றைக்கே அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். அந்த வண்டி பிறகு செங்கல் சூளைக்கு விலைபோனது, அவர் யாரோ ஒருவரிடம் லாரி ஓட்டப் போனார். ஸ்டாண்டில் பன்னிரண்டு வண்டி மிச்சம். அன்று சாயந்திரம் நாங்கள் எப்போதும்போல டீ குடித்தோம்.

என் வண்டி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். தென்னூரில் ஒரு வக்கீலிடம் டிரைவராக இருந்தேன். அவர் புது வண்டி வாங்கியபோது பழையதை எனக்கு விட்டுக்கொடுத்தார். மேல் மூடியைப் பின்னால் மடித்துவிடலாம். ஸ்டாண்டில் அப்படித் திறந்த வண்டி அது ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் ஐயங்கார் வீட்டுக் கல்யாணங்களுக்கு முதல் நாள் சாயந்திரம் ஜானவாசம் நடக்கும். மாப்பிள்ளையைக் கோட்டும் சூட்டுமாகத் திறந்த காரில் உட்காரவைத்து, நாகஸ்வரம் முன்னே போக, கியாஸ் விளக்கோடு ஊர்வலம் வருவார்கள். ஆவணி, தை, பங்குனி என்று முகூர்த்த மாதங்களில் என் வண்டிதான் அந்த வீதிகளில் ஊர்ந்தது. நாங்களும் ஸ்ரீரங்கத்தில்தான், மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். தீட்டு வண்டி என்ற பேச்சு ஒரே ஒரு வாயிலிருந்து வந்தால் போதும், அந்த வீதிகளில் என்னை யாரும் நிற்கக்கூட விடமாட்டார்கள். என் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

என் மனைவி கம்பளி நூலில் கிளி செய்வாள். பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கண்ணுக்குக் கறுப்பு மணி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். எங்கள் வீட்டுத் தொங்கல் அதுதான். ஸ்டாண்டில் மற்ற எல்லா வண்டியிலும் அவள் கிளி ஆடியது, என் வண்டியில் மட்டும் இல்லை. "ஊரார் வீட்டு சாமானெல்லாம் உங்க வண்டியில தொங்குது, நான்தான் வெளியில நிக்கிறேன்" என்று கேலி செய்வாள். கேலிதான். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிக்க வரும்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் உண்டானாள். அது ஐந்தாவது மாதம், ஆவணி. அன்று சாயந்திரம் எனக்குச் சித்திரை வீதியில் ஒரு ஜானவாசம். காலையிலேயே வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வாசலில் நிறுத்தியிருந்தேன். எட்டு மணி இருக்கும், பின்கட்டில் அவள் கூப்பிட்ட சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கிணற்றடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், புடவையெல்லாம் ரத்தம். பக்கத்துப் போர்ஷன் அம்மாள்தான் ஓடிவந்து, பழைய ஜமக்காளத்தைப் பின்சீட்டில் விரித்து, என்னோடு சேர்ந்து அவளைத் தூக்கிக் கிடத்தினாள். அந்த அம்மாளே பின்னால் ஏறி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் முன்சீட்டில் உட்கார்ந்து சாவியில் கை வைத்தேன். வைத்தவன் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்கு நேரே பிறை, சிலுவை, சங்கு சக்கரம், குழந்தைச் செருப்பு.

இதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சாவியிலிருந்து கையை எடுத்தேன். எழுந்து முட்டி போட்டு நின்று முதல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். மெழுகு நூல், வெயிலில் இறுகிப்போன முடிச்சு. விரல் நடுங்கியது என்று சொன்னால் அது பொய். நடுங்கவில்லை, நன்றாகவே வேலை செய்தது. பக்கத்துப் போர்ஷன் அம்மாளுக்கு முதலில் நான் என்ன செய்கிறேன் என்றே புரியவில்லை. புரிந்ததும் என்னைத் திட்டினாள், பிறகு கெஞ்சினாள். இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்தேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் என் மனைவியை ஒரு தடவை பார்த்தேன், கண் மூடியிருந்த மாதிரி இருந்தது. நினைவில்லை, நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொன்றையும் துண்டில் முடிந்து, உள்ளே போய்ச் சாமி மாடத்தில் வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டும் வந்தேன். பூட்டிக்கொண்டு வந்ததை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு ஓட்டினேன் பாருங்கள், அப்படி ஓட்டியதில்லை. காவேரிப் பாலத்தில் வாழைத்தார் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், வண்டிக்காரர்கள் திட்டத் திட்டப் புகுந்து போனேன். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. சத்திரம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது அவளை வாங்கிக்கொள்ள ஆட்கள் ஓடிவந்தார்கள். குழந்தை தங்கவில்லை. அவளுக்கு ஆபத்தில்லை என்று மத்தியானம் ஒரு மணிக்கு வந்து சொன்னார்கள். நான் அவிழ்த்த நேரத்தால் எது போனது, எது போகாமல் இருந்தது என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

ஆபத்தில்லை என்று கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வந்தது. அடுத்து வந்தது ஜானவாசம். பக்கத்துப் போர்ஷன் அம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பின்சீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். துண்டு முடிச்சை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னதும் பதினோரு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். மஞ்சள் தண்ணீர், எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி ஆயிற்று. ஒவ்வொருவராக வந்து அவரவர் தொங்கலைக் கட்டிப் பல்லால் கடித்து இறுக்கினார்கள். முதல் வண்டிக்காரர் என் தோளில் கை போட்டார். "அந்த நேரத்துலயும் உனக்குப் புத்தி வேலை செஞ்சுது பாரு, நீதாம்பா ஸ்டாண்டுக்காரன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், எனக்குப் பெருமை.

சாயந்திரம் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு சித்திரை வீதியில் ஊர்ந்தேன். சீட்டு இன்னும் ஈரம் காயவில்லை. மேலே ஜமக்காளம் போட்டு மறைத்திருந்தேன். சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மாப்பிள்ளையைச் சுற்றி ஏறிக்கொண்டு தொங்கல்களைத் தட்டித் தட்டி விளையாடினார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. பெண் வீட்டுப் பெரியவர் வண்டி லட்சணமாக இருக்கிறது என்று சொல்லி எனக்குத் தாம்பூலம் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அசடு மாதிரி, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜானவாசமும் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். அவள் தாகமாக இருக்கிறது என்றாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பத்து நாளும் அப்படித்தான் போனது. வேண்டியதைக் கேட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று வண்டியை ஆஸ்பத்திரி வாசற்படி ஓரமாகக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்தேன். பக்கத்துப் போர்ஷன் அம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கி வந்தாள். கதவருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தொங்கல்கள் பழையபடி ஆடிக்கொண்டிருந்தன. அந்த அம்மாளிடம் ஒரு ஜட்கா கூப்பிடச் சொன்னாள். நான் பதறிப்போய், நம் வண்டி இருக்கும்போது குதிரை வண்டி எதற்கு என்று கேட்டேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். குரல் உயரவில்லை.

"பதினொண்ணு. நானும் எண்ணிக்கிட்டுத்தாங்க கெடந்தேன். நான் செத்துடுவேன்னு நீங்க நெனச்சது தப்பில்ல, எனக்கே அப்படித்தான் தோணுச்சு. பயந்துபோய் ஒரு தடவை திரும்பிப் பாப்பீங்கன்னு இருந்தேன். நீங்க அந்தச் செருப்பை அவுக்கிறப்ப நூலு அறுந்துடுமோன்னு பயந்தீங்க. எனக்காகப் பயப்படலை."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. குழந்தைச் செருப்பு முடிச்சில் நூல் நைந்திருந்தது, அறுந்தால் குற்றமாகிவிடுமே என்று அதற்கு மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டேன். அதையும் பார்த்திருக்கிறாள். ஜட்கா வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள். ஜங்ஷனிலேயே அழகான வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டு, ஒரு கிழட்டுக் குதிரைக்குப் பின்னால், ஸ்ரீரங்கம் வரை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக நான் போனேன். பாலத்தில் எதிரே வந்த ஸ்டாண்டு வண்டி ஒன்று நின்று, என்ன ரிப்பேரா என்று விசாரித்தது. ஆமாம் என்றேன்.

அந்த வண்டியில் அவள் பிறகு ஏறவே இல்லை. சண்டை போட்டாள் என்று சொல்ல முடியாது. சமைத்தாள், பரிமாறினாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் விழித்திருந்து பற்றுப் போட்டாள். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் போனாள். நான் வண்டியை எடுக்கிறேன் என்று ஒரு தரம் சொன்னதற்கு, வேண்டாங்க, உங்களுக்கு வேலை கெடும் என்றாள். கிளி செய்வதை நிறுத்திவிட்டாள். ஸ்டாண்டுக்குப் புது வண்டி வந்தபோது எங்கள் வீட்டுத் தொங்கலுக்காகக் கடையில் ஒரு மணி வாங்கிக் கட்டினேன். கிளி எங்கே என்று கேட்டார்கள், அவளுக்குக் கண் சரியில்லை என்று சொல்லி வைத்தேன். மறுபடி அவள் உண்டாகவும் இல்லை.

ஸ்டாண்டை விட்டுப் போயிருக்கலாம் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. போகவில்லை. எங்கே போவது, கூலிக்கு லாரி ஓட்டவா? முசிறிக்காரரைப் பார்த்தவன் நான். எனக்கு அந்த வரிசை வேண்டியிருந்தது, அந்தக் கல்யாணங்கள் வேண்டியிருந்தன. வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

அறுபதுகளின் நடுவில் அந்தத் திறந்த வண்டி ஓய்ந்துபோயிற்று. அதைக் கொடுத்துவிட்டு ஒரு மூடிய வண்டி எடுத்தேன். புது வண்டி என்றால் ஸ்டாண்டுக்காரர்கள் கட்டியாக வேண்டும். இந்த முறை வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முதல் வண்டிக்காரர் சொல்லிவிட்டார். ஆட்களில் சிலர் மாறியிருந்தார்கள். கணக்கு மட்டும் அதே பதினொன்று. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். அவள் கோலம் போட்டு, குத்துவிளக்கு வைத்து, ஒருவர் விடாமல் காபி கொடுத்தாள். யாருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் வண்டிக்காரர் தன் தொங்கலைக் கம்பியில் சுற்றி, முடிச்சைக் கடித்து இறுக்கக் குனிந்தார். அவள் காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, முடிச்சைக் கொஞ்சம் லேசாப் போடுங்க. அவுக்கிறதுக்கு நேரமாவுது" என்றாள்.

அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு, வீட்டம்மாளுக்கு நல்ல கேலிப் பேச்சு என்று சொல்லி உரக்கச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நானும் சிரித்தேன்.